புதன்கிழமை விரதம்

யாரிடமும் சொல்வதில்லை என்று தலையாட்டியவர் ஜம்புநாதன் அங்கிள். நான் யாருக்கும் தலையாட்டவில்லை. அதனால் சொல்கிறேன்.

நாங்கள் டெக்ஸாஸில் கேட்டி என்கிற இந்த ஊருக்குக் குடிவந்து பதினேழு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலிதான். வேலிக்கு இந்தப் பக்கம் திண்டுக்கல். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே மட்டன் வாசனை வந்துவிடும். அந்தப் பக்கம் மாயவரம். வெங்காயம்கூட நாள் பார்த்துத்தான் வாணலியில் விழும். அங்கிள் எண்ணெய்க் குழாய்க் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நாலு. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொள்ளாமல் குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ள மாட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. ஹார்வி புயலில் அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்குள் வெள்ளம் வந்தபோது, இரண்டு பேரும் நாலு நாள் எங்கள் மாடியில்தான் தங்கினார்கள். வரும்போதே ஒரு பாத்திரம், ஒரு பை அவல், ஆறு வாழைப்பழம், தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் கையோடு வந்தன. "தப்பா நெனச்சுக்காதேம்மா, பழக்கம்" என்றார். நான் தப்பாகத்தான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் மனைவி ஷ்யாமளா ஆன்ட்டியும் அந்த நாலு நாள் அவல்தான் சாப்பிட்டார். ஆனால் நான் முட்டைக் குழம்பு வைக்கும்போது மட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்து அடுப்புப் பக்கத்தில் நின்றுகொள்வார்.

"வாசனை நன்னாருக்கே வான்மதி. வெங்காயம்தானே?"

"வெங்காயம்தான் ஆன்ட்டி."

அடுப்பை அணைக்கும்வரை நிற்பார். பேச்சுத் துணைக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு புத்தி என்று பாருங்கள்.

ஆன்ட்டி நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக வேலைக்குப் போனவர். பக்கத்தில் ஒரு சர்ச் நடத்தும் டேகேர். இரண்டு வயதுக் குழந்தைகள் அறை. குழந்தைகளுக்கு 'மிஸ் ஷாம்'. காலையில் போனால் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவார், புதன்கிழமை தவிர. புதன்கிழமை சாயங்காலம் சர்ச்சில் பிரார்த்தனை இருக்கும். வருகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆன்ட்டி ஏழரை மணிவரை இருந்துவிட்டு வருவார். வந்ததும் அங்கிளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத் தான் ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். புதன்கிழமை ராத்திரி விரதம். மகள் மாளவிகாவின் படிப்புக்காக ஆரம்பித்தது, பிறகு அவள் கல்யாணத்துக்காக, பிறகு அவளுக்குக் குழந்தை பிறக்க என்று நீண்டுகொண்டே போனது.

இந்த விரதத்தைப் பற்றி அங்கிளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கொலுவுக்குப் போனால் சுண்டல் கைக்கு வருவதற்குள் அந்தக் கதை வந்துவிடும். "பதினெட்டு வருஷம். ஒரு புதன்கிழமை தப்பினதில்லே. இந்த ஊர்ல யாரால முடியும்?" என்பார். ஆன்ட்டி சமையலறைப் பக்கம் போய்விடுவார். அடக்கம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆன்ட்டிக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி. பிறகு சாம்பாரில் இரண்டு தரம் உப்பு. பிறகு ஒரு நாள் டேகேருக்குப் போகிற வழியில் ஃப்ரீவேயில் ஏறி நாற்பது மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க்கில் அழுதுகொண்டு நின்றார். அன்றோடு காரும் வேலையும் நின்றன. அப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. இங்கிலீஷ் முதலில் போனது. பிசியோதெரபிக்கு வருகிற வெள்ளைக்காரப் பெண்ணிடமும், தபால்காரரிடமும் தமிழில்தான் பேசுவார். அவர்களும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பிறகு ஆட்களின் பெயர்கள் போயின. கடைசியில் ஆட்களே போனார்கள்.

அங்கிள் எழுபது வயதுக்கு மேல் சமைக்கக் கற்றுக்கொண்டார். அதுவரை அவருக்குப் பால் காய்ச்சத் தெரியாது. மாளவிகா நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இருக்கிறாள். தினமும் வீடியோவில் வருவாள். "அப்பா, ஹோம்ல சேர்த்துடலாம்" என்பதை மட்டும் இங்கிலீஷில் வேறு வேறு விதமாகச் சொல்வாள். இவர் கேட்காததுபோல் போனைத் திருப்பி ஆன்ட்டியின் முகத்தைக் காட்டுவார்.

போன வருஷம் ஜூலையில் ஆன்ட்டி சாப்பிடுவதை நிறுத்தினார். ரசம் சாதம், தயிர் சாதம், பாயசம், எதற்கும் வாய் திறக்கவில்லை; மோர் மட்டும் கொஞ்சம் இறங்கியது. ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனால் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வார். நூற்றுப் பத்து பவுண்டு இருந்தவர் தொண்ணூறுக்கு வந்தார். எது கேட்டாலும் கொடுங்கள், எண்பத்தைந்துக்குக் கீழே போனால் ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக்காலப் பராமரிப்பு, பற்றிப் பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கிள் அந்த எண்பத்தைந்தைக் காலண்டரில் எழுதி வட்டம் போட்டு வைத்திருந்தார்.

நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். புதன்கிழமை எனக்கு விடுமுறை. அந்த வாரத்து மாத்திரைகளைப் பொடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதற்காக வாரம் ஒருமுறை அங்கே போவேன். செப்டம்பரில் ஒரு புதன்கிழமை போக நேரமாகிவிட்டது, ஐந்தரை மணி இருக்கும். ஆன்ட்டி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். தலைமுடியைத் தானே தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். எதிரே ஒரு காகித நாப்கின், முக்கோணமாக மடித்தது. அதன் பக்கத்தில் ஒரு டம்ளர் மோர்.

"அங்கிள், சாப்பாடு ஒண்ணும் ட்ரை பண்ணலையா?"

"இன்னிக்குப் புதன்கிழமைடீம்மா. விரதம். அவளுக்கு மறந்துபோனா என்ன, நான் விட்டுடுவேனா? பாரு, மத்த நாள்ல எங்கேயோ பாத்துண்டு இருப்பா. புதன்கிழமைன்னா தானா வந்து உக்காந்துக்கறா. உள்ளுக்குள்ள பிரார்த்தனை ஓடிண்டிருக்கு."

ஆன்ட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் கண்ணில் ஆள் இருந்தது.

"இன்னும் சாசேஜ் வரலையா?" என்றார். "டாரிஸ்கிட்ட கேளேன். எனக்குக் கடுகு ஜாஸ்தி வேணும்."

அங்கிள் சிரித்தார். "டேகேர் ஞாபகம். கொழந்தைகளுக்குப் போட்டிருப்பா அந்தக் கண்றாவியை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டைக் குழம்பு வைத்த அடுப்பு ஞாபகம் வந்தது.

மறுநாள் வேலைக்கு நடுவில் அந்த சர்ச்சுக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மாள் 'மிஸ் ஷாம்' என்றதும் உருகிவிட்டார். டாரிஸ் அங்கே சமையல் பார்த்த கிழவி. செத்து மூன்று வருஷமாகிறது. டெக்ஸாஸில் ஆறு தலைமுறையாக இருக்கும் ஜெர்மன் குடும்பம். புதன்கிழமை பிரார்த்தனைக்கு முன்னால் எல்லோருக்கும் அவள் கையால் சாப்பாடு. எப்போதும் ஒரே சாப்பாடு: புகைபோட்ட பன்றி இறைச்சி சாசேஜ், வெண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கு, புளிக்கவைத்த முட்டைக்கோஸ், ஓரத்தில் கடுகு விழுது. மிஸ் ஷாம் முதல் ஆளாகத் தட்டோடு நிற்பாராம். டாரிஸும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவார்களாம். பதினெட்டு வருஷமும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் ஆகாத மனிதரின் வீட்டுக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. வீட்டுக்குப் போகாமல் நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். கடுகு விழுது உட்பட.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்தார்.

"மூணு வருஷமா," என்றார், "புதன்கிழமை புதன்கிழமை வந்து உக்காந்திண்டிருக்கா. நான் மோரைக் குடுத்து அனுப்பிச்சிண்டிருக்கேன்."

என் சந்தோஷம் அந்த இடத்திலேயே செத்தது. எனக்கு என்னைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அதை எப்படிம்மா பண்ணுவா?"

முதலில் ஏமாற்றப் பார்த்தார். கடையில் பட்டாணிப் புரதத்தில் செய்த சைவ சாசேஜ் இருக்கிறதே, அதை வாங்கி வந்து வாட்டிக் கொடுத்தார். பார்வைக்கு அசல்தான். ஆன்ட்டி ஒரு கடி கடித்தார். நாப்கினை வாயருகே கொண்டுபோய் மரியாதையாக அதில் துப்பி மடித்து வைத்தார். "இது இல்லே" என்றார். கடவுள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இதை மட்டும் அந்தத் தலைக்குள் விட்டு வைத்திருந்தார்.

மறுநாள் அங்கிள் தாமாகவே கடைக்குப் போய் வந்தார். பெல்ட் போட்டுக்கொண்டுதான். மூன்று பைக்குள் சுற்றி, காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தார். காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜில் ஒரு புது மின்சார அடுப்பு, புது வாணலி, புதுக் கத்தி, இரண்டு புதுத் தட்டு எல்லாம் அடுக்கினார். எங்கள் வீடுகளில் மீன் பொரிக்க கராஜில் அடுப்பு வைத்திருப்போம். அந்த வீட்டுக் கராஜில் நான் அப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. அன்று ராத்திரி நான் வேலை முடிந்து வந்ததும் போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு புது குக்கரும் இருந்தது. அதற்குள் மஞ்சள் தண்ணீரில் என்னவோ மிதந்தது.

"வெடிச்சுடுத்தும்மா. மூணு விசில்தான் விட்டேன்."

"அங்கிள், அது துவரம்பருப்பு இல்ல. மஞ்சள் எதுக்குப் போட்டீங்க?"

"சுத்தத்துக்கு."

மட்டன் தெரிந்தவளுக்கு சாசேஜ் தெரியும் என்று சட்டம் இல்லை. சர்ச் அம்மாளிடமே கேட்டு எழுதிக்கொண்டேன். விஷயம் ஒன்றுமில்லை. வாணலியில் விரற்கடை தண்ணீர். சாசேஜைக் குத்தாமல், நறுக்காமல் முழுசாகப் படுக்கவைக்க வேண்டும். சின்னத் தீ. தண்ணீர் வற்றும்போது உள்ளே சூடேறியிருக்கும். பிறகு அதன் கொழுப்பே கசிந்து, அதிலேயே தோல் சிவக்கும். நாலு பக்கமும் திருப்பித் திருப்பி விட வேண்டும். எடுத்த பிறகு அதே வாணலியில் வெங்காயம். முட்டைக்கோஸ் புட்டியில் கிடைக்கும். பிழிந்து, ஒரு ஆப்பிளைத் துருவிப் போட்டுச் சூடாக்கினால் போதும். அங்கிள் புட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது கெட்டுப்போயிடுத்து, கடையில திருப்பிக் குடுத்துடலாம்" என்றார்.

உருளைக்கிழங்கை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தோலோடு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உரித்து, வட்டம் வட்டமாக நறுக்கி, வெண்ணெயில் ஓரம் முறுகும்வரை வதக்கினார். ஒரு துண்டுகூட உடையவில்லை. அதை அவர் வீட்டுச் சமையலறையிலேயே செய்து கராஜுக்குக் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே தட்டில் சேரும் இடம் கராஜ்.

ஆனால் எதையும் ருசி பார்க்க மாட்டார். நைவேத்தியம் செய்கிற மாதிரி, கண்ணாலும் மூக்காலும் பார்த்துச் செய்தார். மூக்கையும் பாதி நேரம் தோளில் கிடந்த துண்டால் மூடிக்கொண்டார். ருசி பார்க்க நான். ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வியர்த்து வடிந்துகொண்டு அந்த டெக்ஸாஸ் வெயிலில் கராஜில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை ஐந்தரைக்குத் தட்டை ஆன்ட்டி முன்னால் வைத்தோம். அவர் ஃபோர்க்கை இடது கையிலும் கத்தியை வலது கையிலும் எடுத்தார். சாசேஜைச் சாய்வாக, சீராக வெட்டினார். ஒவ்வொரு துண்டிலும் கடுகு விழுதைத் தொட்டு, கொஞ்சம் முட்டைக்கோஸும் சேர்த்து வாயில் வைத்தார். நான் எதிர் நாற்காலியில் என் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கிள் சுவரில் சாய்ந்து நின்றார்.

"இவ கத்தி பிடிச்சு நான் பார்த்ததே இல்லே" என்றார். நாற்பத்து மூன்று வருஷக் கல்யாணம்.

அந்த வாரம் ஆன்ட்டி ஒரு பவுண்டு ஏறினார். அடுத்த வாரம் இன்னொன்று. பால், கஞ்சி எல்லாம்கூட உள்ளே போக ஆரம்பித்தது. அங்கிள் மகளிடம் வீடியோவில், "அம்மா உருளைக்கிழங்கு நன்னா சாப்பிடறா" என்றார். அது பொய் இல்லை.

புதன்கிழமை மட்டும் கொடுத்தால் போதாது என்று ஒரு வெள்ளிக்கிழமை அவரே செய்து கொடுத்தார். நான் இல்லை. எதிர் நாற்காலியில் அவர் தம் தயிர் சாதத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஆன்ட்டி இரண்டாவது துண்டை வெட்டிக்கொண்டே நிமிர்ந்திருக்கிறார். தயிர் சாதத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நாப்கினைப் பிரித்துத் தட்டை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். அப்புறம் தலையைத் தூக்கவே இல்லையாம்.

"என்னைப் பார்த்து பயந்துட்டா வான்மதி," என்றார் போனில்.

அடுத்த புதன்கிழமை நான் எதிரே உட்கார்ந்தேன், சாப்பிட்டார். சனிக்கிழமை அங்கிள் வேறு அறைக்குப் போய்விட்டுத் தனியாகச் சாப்பிட வைத்துப் பார்த்தார். தட்டைத் தொடவில்லை, எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாசேஜ் மட்டும் போதாது என்று புரிந்தது. எதிரே ஒருத்தர் உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும். தப்பு செய்தால் இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். எடை மறுபடி இறங்கியது. எண்பத்தெட்டு. எண்பத்தேழு.

"நீ தினம் வர முடியுமா?" என்றார்.

"எனக்கு மத்த நாள் எட்டு மணி வரைக்கும் ஷிஃப்ட் அங்கிள். நீங்கதான் எதிர்ல உக்காரணும்."

"வேற என்ன வேணா சொல்லு."

"வேற ஒண்ணும் இல்ல."

"எங்கப்பா முகத்துல முழிக்க வேண்டாமா நான்? இது என்னால ஆகாதும்மா. என்னை விட்டுடு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பதினேழு வருஷத் தண்ணீரும் தொண்டைக்கு வந்துவிட்டது. "அப்ப மோரே குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு சுருங்குகிறது. ஒரு மனிதரிடம் அவரால் கொடுக்க முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டு, அதற்கு மேல் குத்தியும் காட்டினேன்.

ஐந்து நாள் பேச்சு இல்லை. புதன்கிழமை ஐந்து மணிக்கு எப்போதும்போலப் போனேன். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. அங்கிள் குளித்து, விபூதி இட்டு, பெல்ட் போட்ட சட்டையோடு வாணலி முன்னால் நின்றிருந்தார். துண்டு மூக்கில் இல்லை. சாசேஜ் பக்குவமாகச் சிவந்திருந்தது. இரண்டு தட்டு வைத்திருந்தார். ஒன்று எனக்கு என்று எடுக்கப் போனேன்.

"அது எனக்கு" என்றார்.

இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆன்ட்டி நாப்கினை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அங்கிள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆன்ட்டி அவர் தட்டைப் பார்த்தார். அது தன் தட்டு மாதிரியே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார்.

அங்கிளுக்குக் கத்தி பிடிக்க வரவில்லை. நான் குனிந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். ரொம்பச் சின்னதாக வெட்டினேன். அவர் அதை ஃபோர்க்கில் குத்தி, கண்ணை மூடிக்கொள்ளாமல், ஆன்ட்டியைப் பார்த்துக்கொண்டே வாயில் வைத்தார். தாடை அசையவில்லை. நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்தது. துப்பிவிடுவார் என்று நான் பயந்து நாப்கினை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அப்போது ஆன்ட்டி மேஜைமேல் சாய்ந்து, அவர் கையைத் தொட்டார். சிரித்தார். பள்ளிக்கூடத்துப் பெண் சிரிக்கிற சிரிப்பு.

"எங்காத்துல சொல்லிடாதேங்கோ, டாரிஸ்" என்றார்.

அங்கிள் ஃபோர்க்கைத் தட்டில் வைத்தார்.

"கத்தமாட்டார். நல்ல மனுஷர்தான். ஒரு வார்த்தை சொல்லமாட்டார்." ஆன்ட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அதுக்கப்புறம் என் கையால சாப்பிடமாட்டார். அதான் பயம்."

அது உண்மை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இல்லை என்று சொல்லக்கூட அவரால் முடியாது, வாய் நிறைய அது இருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. மென்றார். விழுங்கினார். ஆன்ட்டிக்கு நிம்மதியாகிவிட்டது, குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அவர் சாப்பிட்டு முடித்ததும் அங்கிள் எழுந்து பின்பக்கம் போனார். ஓக் மரத்தடியில் வாந்தி எடுத்தார். தோட்டக் குழாயில் வாய் கொப்பளித்து, தலைக்கும் அதையே திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். சட்டையோடு, பெல்ட்டோடு. நான் துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

அதற்கப்புறம் பதினோரு வாரம் ஆன்ட்டி இருந்தார். வாரத்தில் நாலு நாள் அந்தச் சாப்பாடு, எதிரே அங்கிள், அவருக்கு வேளைக்கு ஒரு துண்டு. பழகிவிட்டது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஓக் மரம், ஒவ்வொரு தடவையும் குழாய். டிசம்பர் குளிரிலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் ஆன்ட்டி வீட்டில் சொல்லிவிட வேண்டாம் என்றார், அவர் தலையாட்டினார். அந்தப் பதினோரு வாரமும் ஆன்ட்டி அவரைக் கணவராக ஒருமுறைகூட அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவர் டாரிஸாகவே இருந்தார். தொண்ணூற்று மூன்று பவுண்டு வரை ஏற்றினார். ஆனால் ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டியது, நாலே நாள். கடைசி இரண்டு நாள் ஆன்ட்டி எதையும் விழுங்கவில்லை.

மாளவிகா குடும்பத்தோடு வந்து பதின்மூன்று நாளும் இருந்தாள். பதின்மூன்றாம் நாள், தீட்டுக் கழிந்து சுபம். வாத்தியார் வந்திருந்தார், சமையலுக்கு ஒரு மாமி வந்திருந்தார். கராஜ் மூடியிருந்தது, கார் வெளியே நின்றது. நான் எங்கள் வீட்டிலிருந்து பூவும் பழமும் கொண்டுபோயிருந்தேன், அது மட்டும்தானே ஆகும். இலை போடுவதற்கு முன்னால் மாளவிகா அழுதுகொண்டே அப்பாவிடம் வந்தாள். அம்மா கடைசியாக ஆசைப்பட்டுச் சாப்பிட்டது எது, இன்றைக்கு அதையும் செய்து வைக்கலாமே என்று இங்கிலீஷில் கேட்டாள்.

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். மாமி கரண்டியோடு காத்து நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"உருளைக்கிழங்கு" என்றார் அங்கிள்.

மாமி உள்ளே திரும்பினார். அவர் மறுபடி கூப்பிட்டார்.

"கடுகு கொஞ்சம் ஜாஸ்தியாப் போடுங்கோ. அவளுக்குப் பிடிக்கும்."